பணக்காரர் ஏன் கொடுக்கிறார்? ஊர் வேலைக்குக் காசு கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலைப் பட்டினத்தில் இரும்புக்கடை வைத்திருந்த ஒரு முதலாளியிடம் முதன்முதல் காசு கேட்டுப் போன நாள் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. சாம்பல்தீவுப் பக்கம் நாங்கள் நடத்திய மாலை வகுப்புக்கு உதவி வேண்டும். கையில் ஒரு கோப்பு. உள்ளே 64 பிள்ளைகளின் பெயர், தகப்பன் தொழில், வீட்டு வருமானம், சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறியவர்களின் கணக்கு என்று எல்லாம் அட்டவணையாக இருந்தது. இரண்டு பக்கம் புரட்டினார். லாச்சியைத் திறந்து ஒரு 1,000 ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். "சந்தோசம் தம்பி, செய்யுங்கோ" என்றார். அவ்வளவுதான்.

எழும்பும்போது கோப்புக்குள் இருந்து ஒரு கணக்குக் கொப்பி நழுவி விழுந்தது. அதைக் காட்டவென்று நான் கொண்டுபோகவில்லை, திருத்துவதற்கு வைத்திருந்தது. குனிந்து எடுத்தவர் அப்படியே விரித்துப் பார்த்தார்.

"இதென்ன, எழுதினதுக்கு மேல எழுதியிருக்கு?"

"புதுக் கொப்பி இல்லை ஐயா. பென்சிலால எழுதி, அழிச்சுப்போட்டுத் திரும்ப எழுதுது பிள்ளை."

பெருவிரலால் அந்தத் தாளைத் தடவினார். அழித்து அழித்துப் பஞ்சுபோல் நைந்திருந்தது. ஒரு இடத்தில் ஓட்டை. ஒன்றும் பேசாமல் கொப்பியைத் திருப்பித் தந்தார். அடுத்த கிழமை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "அந்த வகுப்பில எத்தினை பிள்ளையள்? வருசம் முழுக்கக் கொப்பி நான் தாறன். வேற ஒருத்தரிட்டையும் கேக்க வேண்டாம்."

வேற ஒருத்தரிட்டையும் கேக்க வேண்டாம். அந்தச் சொல்லை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது. கோவில் அன்னதான சபை, பள்ளிவாசல் நிர்வாகம், பழைய மாணவர் சங்கம், வாசிகசாலை, மரண உதவிச் சங்கம் என்று எதற்காகவாவது வசதியான ஒருவரின் படலையைத் திறந்து போகிறவர்கள் இதை வாசித்தால், நான் வீணாக்கிய காலத்தில் கொஞ்சமாவது உங்களுக்கு மிஞ்சும்.

படி 1: உங்கள் கசப்பைப் படலைக்கு வெளியே வைத்துவிட்டுப் போங்கள்

வசதியானவரிடம் போகும்போது நம் மனதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும். "ஊரைச் சுரண்டிச் சேர்த்த காசு, தந்தால் என்ன?" என்பது ஒன்று. "ஐயா தெய்வம் மாதிரி" என்பது மற்றது. இரண்டும் முகத்தில் தெரியும். முதலாவது அவரைக் கதவைச் சாத்த வைக்கும். இரண்டாவது அவருக்குச் சலித்துப் போன பாட்டு.

அவர் கடையில் ஒரு நாள் முழுக்க இருந்து பாருங்கள். காலையில் திருவிழாச் சபை வரும். பத்து மணிக்கு விளையாட்டுக் கழகப் பொடியள் உடுப்புக்குக் காசு கேட்டு வருவார்கள். மத்தியானம் சிறுநீரக நோயாளிக்கான கடிதம், பின்னேரம் தூரத்துச் சொந்தக்காரரின் மகளுக்குக் கலியாணம். வருகிற எல்லோரும் அவருடைய கையைத்தான் பார்க்கிறார்கள், முகத்தை இல்லை. "என்னைத் தேடி வருகிறார்களா, என் லாச்சியைத் தேடி வருகிறார்களா" என்ற சந்தேகம் வசதியான மனிதருக்குள் எப்போதும் கிடக்கிறது. அது திமிர் இல்லை, தனிமை. இதை உணராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: கொடுக்கும் மனதுக்குள் என்ன நடக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்

இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றுக்கும் அத்திவாரம். ஆறுதலாக வாசியுங்கள்.

கொடுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. தமிழில் அதற்கு ஈத்துவக்கும் இன்பம் என்று பழைய பெயர். ஜேம்ஸ் அன்ட்ரியோனி என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1990இல் இதையே கோட்பாடாக எழுதினார். வாங்குகிறவருக்கு நன்மை கிடைக்க வேண்டும் என்பதற்காக மட்டும் மனிதர் கொடுப்பதில்லை, "நான் கொடுத்தேன்" என்பதால் உள்ளே உண்டாகும் இதத்துக்காகவும் கொடுக்கிறார்கள் என்றார். 2007இல் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் 19 பெண்களிடம் தலைக்கு 100 டொலர் கொடுத்து, அதில் ஒரு பங்கு ஏழைகளுக்கான உணவு வங்கிக்குப் போகும்போது மூளையைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். கட்டாயமாக எடுக்கப்பட்டபோதுகூட, மகிழ்ச்சியோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் விழித்தன. தாமாக விரும்பிக் கொடுத்தபோது இன்னும் அதிகமாக விழித்தன. கனடாவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில் 46 பேருக்குக் காலையில் 5 அல்லது 20 டொலர் கொடுத்து, பாதிப் பேரைத் தமக்காகவும் மீதிப் பேரைப் பிறருக்காகவும் செலவழிக்கச் சொன்னார்கள். பின்னேரம் பிறருக்குச் செலவழித்தவர்கள்தான் கூடுதல் சந்தோசமாக இருந்தார்கள். தொகை 5ஆ 20ஆ என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சுகம், தான் விரும்பிக் கொடுத்ததில்தான் கூடுகிறது. கோவில் சபைக்காரர் நாலுபேர் கடைக்குள் புகுந்து, மற்ற வாடிக்கையாளர் பார்க்கும்படி கொப்பியை நீட்டினால் காசு வரும். ஆனால் அந்தச் சுகம் அவருக்குக் கிடைக்காது. அடுத்த முறை உங்களைக் கண்டதும் பின்வாசலால் போவார்.

இரண்டாவது, செய்தவன் நான் என்ற உணர்வு. தன் கையால் தொழிலை எழுப்பியவர் தன்னைப் பற்றி நினைக்கும் விதமே வேறு. முடிவெடுத்தவர், இறங்கிச் செய்தவர், பிழைத்தவர் என்று அவர் மனதில் பதிந்திருக்கும். அவரிடம் போய் "எல்லாரும் சேர்ந்து தோள் கொடுப்போம்" என்றால் அந்தக் கூட்டத்துக்குள் அவர் தன்னைக் காணமாட்டார். 2017இல் வில்லன்ஸ், கரூசோ, டன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் காட்டியது. சமூகமாக ஒன்று சேருங்கள் என்ற வேண்டுகோள் வருமானம் குறைந்தவர்களின் மனதைத் தொட்டது. ஒரு ஆள் முன்வந்து செய்ய வேண்டிய நேரம் இது என்ற வேண்டுகோள் வசதியானவர்களின் மனதைத் தொட்டது. என் இரும்புக்கடை முதலாளியின் "வேற ஒருத்தரிட்டையும் கேக்க வேண்டாம்" அன்றைக்கு எனக்கு வீம்பாகப் பட்டது. உண்மையில் அது ஒரு பொறுப்பேற்பு. அந்த 64 பிள்ளைகளின் கொப்பிக்கும் தான் ஒருவனே காரணமாக இருக்க வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன்.

மூன்றாவது, பெயர். இதைப் பற்றிப் பிறகு தனியாகச் சொல்கிறேன்.

நான்காவது, செத்துப்போனவர்கள். நம் பக்கத்தில் இது எவ்வளவு பலமானது என்று வெளிநாட்டு ஆய்வுகளில் அதிகம் காணமுடியாது. தகப்பனின் ஆண்டுத்திவசத்துக்கு அன்னதானம், தாயின் 31ஆம் நாளுக்கு வாசிகசாலைக்கு அலுமாரி, போரில் போன தம்பியின் பெயரில் புலமைப்பரிசில். திருகோணமலையில் கடலும் சண்டையும் ஆட்களைக் கொண்டுபோகாத வீடு குறைவு. கொடுக்கிறவர் பலரும் வாங்குகிறவரைப் பார்த்துக் கொடுப்பதில்லை, படத்தில் மாலையோடு இருப்பவரைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். கனடாவில் இருந்தும் சுவிசில் இருந்தும் வரும் காசில் பெரும்பங்கு இப்படியானது. அதோடு "நாங்கள் தப்பிப் போய்விட்டோம், அவர்கள் அங்கேயே கிடக்கிறார்கள்" என்ற உறுத்தலும் கலந்திருக்கும்.

ஐந்தாவது, நம்பிக்கை. கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு முஸ்லிம் வியாபாரியிடம் போகிறவர் ஸகாத்துக்கும் ஸதகாவுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். ஸகாத் என்பது சேமித்த செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 வீதம். யாருக்குப் போகலாம் என்பதற்கும் வரையறை உண்டு. அது ஏழையின் உரிமை, கொடுப்பவர் காட்டும் தயவு இல்லை என்பதால் கேட்பவரும் கூனிக்குறுகத் தேவையில்லை. ஸதகா விரும்பிக் கொடுப்பது. கிணறு, பாடசாலை, கல்வி போன்று கொடுத்தவர் இறந்த பின்னும் பயன் தருவதை ஸதகதுல் ஜாரியா என்பார்கள். ஒரு பொதுக் கிணற்றுக்கு உதவி கேட்கும்போது அந்த ஒரு சொல் உங்களுடைய பத்துப் பக்க அறிக்கையைவிடத் தெளிவாகப் பேசும். சைவர்களிடம் புண்ணியமும், தலைமுறைக்குச் சேரும் தர்மமும் அதே இடத்தில் நிற்கின்றன.

ஒரு மனிதரிடம் இவை அனைத்தும் கலந்தே இருக்கும். 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் இந்த ஊரில் பெண்பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். இன்றைக்கு அது ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. நூறு வருடத்தைத் தாண்டிவிட்டது. அந்தப் பெயரில் குடும்பமும் இருக்கிறது, தெய்வமும் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அந்த வாசலால் போய்ப் படித்த எந்தப் பெண்ணுக்கும் தேவை வந்ததில்லை.

படி 3: உங்கள் முன்னால் இருப்பவர் யார் என்று பாருங்கள்

முதல் சந்திப்பில் கேட்காதீர்கள். போய் இருங்கள், தேத்தண்ணி குடியுங்கள், கண்ணைத் திறந்து வையுங்கள். காசுமேசைக்கு மேலே தகப்பனின் படம் இருக்கிறதா? பூ அன்றைக்குப் போட்டதா, காய்ந்ததா? சுவரில் விருதுகளும் பிரமுகர்களோடு எடுத்த படங்களும் தொங்குகின்றனவா, அல்லது வெறும் நாட்காட்டியா? வேலை செய்யும் பொடியளை எப்படிக் கூப்பிடுகிறார்? பேச்சில் "நான் அந்த நாளில சைக்கிளில சாமான் கட்டி நிலாவெளிக்குக் கொண்டுபோனனான்" என்று வருமானால், அவர் தன் இளமையை ஒரு பிள்ளையிடம் காண விரும்புகிறவர். இரும்புக்கடை முதலாளி இரண்டாம் முறை கூப்பிட்டபோது, தான் உடைந்த சிலேட்டில் படித்ததைச் சொன்னார். அவர் தடவிப் பார்த்தது அந்தப் பிள்ளையின் கொப்பியை மட்டுமல்ல.

பெயரே வேண்டாம் என்பவர்களும் உண்டு. சக் ஃபீனி என்ற அமெரிக்கர் விமான நிலையங்களில் தீர்வையற்ற கடைகள் நடத்திப் பெரும் செல்வம் சேர்த்தார். 1982இல் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி, தன் சொத்தில் கிட்டத்தட்ட முழுவதையும் அதற்கு எழுதிவிட்டார். 1997 வரை அது வெளியே தெரியாது. 800 கோடி டொலருக்கு மேல் கொடுத்து முடித்து, 2020இல் அறக்கட்டளையையே மூடினார். மலிவான பிளாஸ்ரிக் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு திரிந்தவர். இப்படியானவரை மேடைக்கு இழுத்துப் பொன்னாடை போர்த்தினால் அதோடு உறவு முறியும். நம்மூரிலும் இருக்கிறார்கள், நீங்கள் அறியமாட்டீர்கள், அவ்வளவுதான்.

படி 4: கேட்பதைச் சிறிதாக்குங்கள், அதற்கு ஒரு முகம் கொடுங்கள்

64 பேர் என்ற கணக்கு அசைக்காத மனதை ஒரு கொப்பி ஏன் அசைத்தது? 2007இல் வெளியான ஓர் ஆய்வில் ஆட்களுக்கு 5 டொலர் கொடுத்து, அதில் விரும்பியதை ஆபிரிக்காவின் பசிக்குத் தரலாம் என்றார்கள். லட்சக்கணக்கானோர் பட்டினி என்ற புள்ளிவிபரத்தை வாசித்தவர்கள் சராசரியாக 1.14 டொலர் கொடுத்தார்கள். மாலி நாட்டின் ரோக்கியா என்ற 7 வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் வாசித்தவர்கள் 2.38 கொடுத்தார்கள். அந்தச் சிறுமியையும் புள்ளிவிபரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் கூடும் என்றுதான் நாம் நினைப்போம். 1.43க்கு இறங்கிவிட்டது.

ஆகவே அட்டவணை கோப்பிலேயே இருக்கட்டும். கேட்டால் எடுங்கள். வியாபாரி கட்டாயம் ஒரு கட்டத்தில் கேட்பார், அப்போது கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முகம் கொடுங்கள் என்றதும், அழும் பிள்ளையின் படத்தைக் கொண்டுபோகாதீர்கள். நான் ஒரு முறை அப்படிச் செய்தேன். அந்தத் தாய் அதைக் கேள்விப்பட்டுப் பிள்ளையை வகுப்பில் இருந்து நிறுத்திவிட்டாள். இரண்டு மாதம் வீட்டுக்கு நடந்தும் அவள் மனம் ஆறவில்லை, பிள்ளை திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு பெயரும் படமும் கிடையாது. பொருளைக் காட்டுவேன். கொப்பி, தேய்ந்து ஒரு விரல் நீளமான பென்சில், இரண்டு பேர் மாறி மாறிப் போட்ட சப்பாத்து. பொருள் ஒருவரையும் வெட்கப்படுத்தாது.

படி 5: வெறுங்கையோடு போகாதீர்கள்

தொடங்காத வேலைக்குக் காசு தர ஒருவரும் முந்தமாட்டார். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிறோமோ என்ற பயம் பணக்காரருக்கு அதிகம். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு நிதி திரட்டியபோது, இலக்கில் 10 வீதம் கையில் இருக்கிறது என்று சொன்னதை 67 வீதம் இருக்கிறது என்று மாற்றியபோது கிடைத்த தொகை கிட்டத்தட்ட ஆறு மடங்காகியது. 2002இல் வெளியான கணக்கு இது. அதனால் முதலில் உங்கள் ஊருக்குள் 100, 200 ரூபாயாகச் சேருங்கள். மீன் ஏலத்தில் நிற்பவர், தையல்காரி, ஓட்டோ ஓட்டுநர் என்று எல்லோரிடமும் சேருங்கள். "மண்டபத்துக்குச் சுவர் வரைக்கும் நாங்கள் எழுப்பிவிட்டோம் ஐயா, கூரை மட்டும்தான்" என்று சொல்லும் இடத்துக்கு வந்த பிறகு படலையைத் திறவுங்கள்.

நீங்கள் 1 ரூபாய் தந்தால் இன்னொருவர் 1 ரூபாய் தருவார் என்ற ஏற்பாடும் வேலை செய்யும். 50,000 பேருக்கு மேல் கடிதம் அனுப்பிச் செய்த 2007ஆம் ஆண்டு ஆய்வில் இதனால் வரவு 19 வீதம் கூடியது. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு தருவார் என்று ஏற்றியதில் கூடுதல் பலன் எதுவும் இல்லை. ஒன்றுக்கு ஒன்று போதும்.

இதைவிடப் பெரிய விடயம் நிர்வாகச் செலவு. "என் காசு பிள்ளைக்குப் போகுமா, உங்கட பெற்றோலுக்குப் போகுமா" என்று கேட்காத முதலாளி இல்லை. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 40,000 பேரை நாலு குழுவாகப் பிரித்துக் கடிதம் அனுப்பினார்கள். சாதாரண வேண்டுகோளுக்கு 8,040 டொலர் வந்தது. நிர்வாகச் செலவை ஏற்கெனவே ஒருவர் ஏற்றுவிட்டார், உங்கள் காசு முழுவதும் வேலைக்கே போகும் என்று சொன்ன குழுவில் இருந்து 23,120 டொலர் வந்தது. எங்கள் சங்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மாதாமாதம் போக்குவரத்துக்கும் அச்சுக்கும் ஆகும் செலவைத் தாமே எடுத்துக்கொண்டார். இப்படி ஒருவரை முதலில் தேடிப் பிடியுங்கள். அவருடைய சின்னத் தொகைதான் மற்றவர்களின் பெரிய தொகையைத் திறக்கும் சாவி.

படி 6: நேரம் பார்த்துப் போங்கள்

காலையில் முதல் வியாபாரம் நடக்குமுன் கடைக்குள் காசு கேட்டு நுழையாதீர்கள். விளக்கு வைத்த பிறகும் வேண்டாம். வெள்ளிக்கிழமை லட்சுமியை வெளியே அனுப்பமாட்டோம் என்று இருக்கும் வீடுகள் இன்னும் நிறைய உண்டு. முஸ்லிம் கடைகளுக்கு வெள்ளி மத்தியானம் போவது மரியாதை இல்லை. நோன்பு காலம் கொடுக்கும் காலம், ஆனால் எல்லோரும் வரும் காலமும் அதுதான். முன்கூட்டிச் சொல்லி வையுங்கள்.

படி 7: பெயரைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள்

கோவில் குழல்விளக்கில் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு "உபயம்" எழுதியிருப்பதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். சிரிக்க வேண்டாம். 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோவில் 1963இல் மீண்டும் குடமுழுக்குக் கண்டது, கொடுத்த கைகளால்தான். ஒரு திருவிழா நாளை உபயமாக ஏற்ற குடும்பம், தகப்பன் போனால் மகன், மகன் வெளிநாடு போனால் பேரன் என்று விடாமல் செய்வதற்குக் காரணம் அங்கே அவர்களின் பெயர் இருப்பதுதான். பெயர் என்பது பெருமை மட்டுமல்ல, கட்டும் கயிறும்தான்.

பெயர்ப் பட்டியல் போடுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். "5,000க்கு மேல்", "10,000க்கு மேல்" என்று வகுத்தால் பலரும் சரியாக 5,000இலும் 10,000இலும் வந்து நிற்பார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பழைய மாணவர் பட்டியல்களிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே வகுப்பின் அடியை எங்கே வைக்கிறீர்கள் என்பதை யோசித்து வையுங்கள். கேட்கும்போதே "பெயர் போடலாமா ஐயா, அம்மாவின் பெயரில் போடவா?" என்று கேளுங்கள். அம்மாவின் பெயர் என்றதும் முகம் மாறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

படி 8: வேண்டாம் என்று சொல்லவேண்டிய இடத்தில் சொல்லுங்கள்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைக்கு வந்த பெட்டிகளைத் திறந்தவர்களில் நானும் ஒருவன். உள்ளே கம்பளிச் சட்டை. வியர்த்து ஒழுகும் வெயிலில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். வள்ளங்களும் வந்தன, பக்கவாட்டில் கொடுத்தவர் பெயர் பெரிதாக எழுதியபடி. வலையும் எஞ்சினும் இல்லாமல் கரையில் கிடந்து வெடித்துப்போனவை எத்தனை என்று மீனவர்களைக் கேளுங்கள். கொடுப்பவரின் மனம் நிறைந்தது, வாங்கியவரின் வயிறு நிறையவில்லை. மனவியலை அறிந்துகொள்ளச் சொல்வது அந்த இரண்டையும் ஒரே வேலைக்குள் கொண்டுவரத்தான்.

பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தேர்தலுக்கு மூன்று மாதம் முன்னால் திடீரென்று திறக்கும் கைக்கும், எங்கள் சாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வரும் காசுக்கும் அதே பதில்தான். மறுக்கும்போது குத்திப் பேசாதீர்கள். "ஐயா, எங்கட ஒழுங்கு இப்பிடி" என்றால் போதும். ஒரு முறை மறுத்ததற்காகவே எங்களை நம்பிப் பிறகு கூடுதலாகத் தந்த ஒருவர் இருக்கிறார்.

படி 9: கொடுத்த பிறகுதான் உங்கள் வேலை தொடங்குகிறது

அன்றைக்கே பற்றுச்சீட்டு, மூன்று மாதத்துக்குள் ஒரு பக்கக் கணக்கு. இது அடிப்படை. அதற்கு மேல், வருடத்தில் ஒரு தரமாவது ஒன்றும் கேட்காமல் போங்கள். படி 1இல் சொன்ன அந்தச் சந்தேகத்துக்கு வேறு மருந்து இல்லை.

முதல் வருடம் முடிந்ததும் நான் இரும்புக்கடைக்குப் போனேன். கோப்பு இல்லை. ஒரு உரப்பையில் எழுதி முடித்த 20 கொப்பிகள் மட்டும். முதலாளி கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் அவற்றை விரித்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். சரி போட்ட இடத்தில் நின்றார், பிழை போட்ட இடத்தில் கூடுதல் நேரம் நின்றார். கடைக்கு வந்த ஒருவர் கால் இறாத்தல் ஆணி கேட்டார், பொடியனிடம் வாங்கச் சொன்னார். ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் தலையை நிமிர்த்தினார்.

"இது முடிஞ்சு போச்சே தம்பி. இந்தப் பிள்ளைக்குப் புதுசு குடுத்தாச்சோ?"